கிளாரிவேர் கொடுத்த பசளை

மொன்றியலின் சென்ட் லோரன்டில் முன்பு தலைவலி மாத்திரை செய்துகொண்டிருந்த கட்டடத்தில் இப்போது கஞ்சா வளர்ந்தது. மாத்திரைக் கம்பனி மூடியபோது வேலை போன அறுபது பேரில் பதினொரு பேரைப் புதிய கம்பனி திரும்ப எடுத்துக்கொண்டது. அதில் றோசலினும் ஒருத்தி. மட்டக்களப்புக்காரி, மொன்றியலுக்கு வந்து இருபத்திரண்டு வருடம், வயது நாற்பத்தொன்பது. மாத்திரைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவளைக் கொண்டுபோய் அழிப்பறையில் நிறுத்தினார்கள்.

கிளாரிவேர் என்ற அந்தக் கம்பனி பூவை மட்டும்தான் விற்றது. தண்டு, இலை, வேர், பூஞ்சணம் பிடித்த செடி, கத்தரிக்கும்போது தரையில் விழுந்தது எல்லாம் நீலத் தொட்டிகளில் கடைசி அறைக்கு வந்து சேரும். அவற்றைத் தராசில் நிறுத்து, அரைத்து, வீட்டுப் பூனைகள் மலங்கழிக்க வைக்கிற களிமண் குருணலையும் புளித்த நாற்றமடிக்கும் ஒரு திரவத்தையும் சேர்த்துக் கலக்க வேண்டும். யாரும் பொறுக்கிக் காயவைத்துப் புகைக்க முடியாதபடி கெடுப்பதுதான் நோக்கம். அப்படிக் கெடுப்பதை இரண்டு பேர் நின்று கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் சொன்னது. ஒரு சாட்சி றோசலின். மற்றவர் அருமைநாதன். திருகோணமலையில் தபால் கந்தோரில் இருந்தவர், அறுபதைத் தொட்டவர். எந்தப் படிவத்தையும் இரண்டு தரம் வாசிப்பார். வாசித்துவிட்டு, அதில் என்ன எழுதியிருந்தாலும் கையெழுத்துப் போடுவார்.

போன வருடம் ஐப்பசி வரைக்கும் இந்த இலையைச் சட்டைப்பையில் வைத்திருந்தவனைப் பொலிஸ் பிடித்தது. ஐப்பசியில் சட்டம் மாறியது. 2019ஆம் ஆண்டு பிறந்தபோது அதே இலையின் குப்பைக்கு இரண்டு பூட்டும் மூன்று கமராவும் இருந்தன. தொழிலாளர் சாப்பிடுகிற அறையின் கூரை ஒழுகியது; அதற்கு ஒரு வாளி வைத்திருந்தார்கள்.

றோசலினுக்கு இந்தக் கூத்தின்மேல் எள்ளளவும் மரியாதை இல்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நிற்கிற பெண்கள் அவளைக் கண்டால் குரலைத் தாழ்த்தி, "கஞ்சாக் கம்பனி" என்பார்கள். அடுத்த கிழமை அவர்களில் ஒருத்தி கார் நிறுத்துமிடம் வரைக்கும் பின்னால் வந்து, முழங்கால் வலிக்கு ஏதோ எண்ணெய் இருக்கிறதாமே, எடுத்துத் தர ஏலுமா என்று கேட்பாள். "எனக்குக் குப்பதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு றோசலின் நடந்துவிடுவாள்.

கம்பனியில் குணசீலன் என்றொருவர் இருந்தார். கோயம்புத்தூரில் எஞ்சினியரிங் படித்துவிட்டு வந்து, வசதியானவர்கள் இருக்கிற புவாண்ட்-கிளேரில் வீடு வாங்கி, பிள்ளைகளைப் பெரிய படிப்புப் படிக்கவைத்தவர். கிளாரிவேரில் அவருடைய பதவியின் பெயர் 'நிலைத்த வளர்ச்சி இயக்குநர்'. சுற்றாடலைக் காப்பது அவருடைய பொறுப்பு. அதற்குமுன் இருபது வருடம் பிளாஸ்டிக் டப்பா செய்கிற கம்பனியில் இருந்தார். அந்த அனுபவம் வீண்போகவில்லை. கிளாரிவேர் ஒரு கிராம் பூவை விற்க முழங்கை அளவு பெட்டி, பெட்டிக்குள் டப்பா, டப்பாவுக்குள் இன்னொரு மூடி என்று வைத்தது. எல்லாவற்றிலும் ஒரு பச்சை இலை அச்சடித்திருந்தது.

தமிழ் ஆட்களிடம் ஏதாவது காரியம் ஆகவேண்டுமென்றால் குணசீலன் தமிழில் வருவார். "உங்க சிலோன் தமிழ் கேக்கறதுக்கே ரொம்ப அழகா இருக்குங்க" என்று தொடங்குவார். காரியம் இல்லாத நாட்களில் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார்.

தை மாதம் ஐரோப்பாவிலிருந்து ஓர் இயந்திரம் வந்து இறங்கியது. வான் வண்டி ஒன்றின் பருமன், முழுக்க வெள்ளி நிறம். அழிப்பறைக் கலவையை ஒரு பக்கம் போட்டால் ஒன்பது நாளில் மறுபக்கம் மக்கிய உரமாக, பசளையாக வருமாம். ரிப்பன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். 'எங்கள் கழிவு நூறு வீதமும் மண்ணுக்கே திரும்புகிறது' என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் துண்டுப்பிரசுரம் அடித்தார்கள். இயந்திரம் பத்தொன்பது நாள் ஓடியது. கஞ்சாத் தண்டின் நாரில் கயிறு திரிக்கலாம் என்று அதைச் செய்தவனுக்கு யாரும் சொல்லவில்லை போலும். நார் போய்த் தண்டவாளம் மாதிரி இருந்த நடு அச்சில் சுற்றி இறுகி, அச்சு வளைந்து நின்றது. புது அச்சு வரும் என்றார்கள். அதுவரைக்கும் கலவையைக் கறுப்புப் பைகளில் கட்டி, சாப்பாட்டறைக் குப்பையை ஏற்றுகிற அதே லொறியில் ஏற்றினார்கள். லொறி அதைக் குப்பைமேட்டில் கொட்டியது.

ஆனால் சாட்சிப் படிவம் மாறவில்லை. 'முறை: கொம்போஸ்ட்', அதாவது மக்கவைத்துப் பசளையாக்கியது, என்று அதில் முன்கூட்டியே அச்சடித்திருந்தது.

"அண்ணன், இதில கொம்போஸ்ட் எண்டு கிடக்கு. நாம லொறியிலயெல்லோ ஏத்துறம்" என்றாள் றோசலின்.

"பாத்தனான். ரெண்டு தரம் வாசிச்சனான்" என்றார் அருமைநாதன்.

"மறுகா ஏன் கையெழுத்து வெச்சீங்க?"

"மெசினத் திருத்துவாங்க எண்டு குணசீலன் சொன்னார். அச்சடிச்சு வந்தத மாத்த நமக்கு என்னகா அதிகாரம்?"

முதுகெலும்பில்லாத மனிதர் என்று றோசலின் மனதுக்குள் சொன்னாள். பேனையை வாங்கி அவருடைய கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டாள். மாசி, பங்குனி, சித்திரை என்று ஒவ்வொரு நாளும் போட்டாள்.

சித்திரை நடுவில் ஒருநாள் குணசீலன் சாப்பாட்டறைக்கு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"றோசலின், நீங்க கோட்-டெ-நெய்ஜ்ல தோட்டம் போடறீங்களாமே? சூப்பருங்க. எங்க அது?"

"சேர்ச்சுக்குப் பின்னால. நாங்க நாப்பது பேர், ஆளுக்கொரு பாத்தி."

"எல்லா நாட்டுக்காரங்களும் இருப்பாங்க, இல்ல?"

"ஓம். தமிழ், பிலிப்பினோ, ஹெயிட்டி, வெள்ளை, எல்லாரும்."

குணசீலனுடைய முகம் மலர்ந்தது. நாற்பது பாத்திக்கும் கம்பனி இலவசமாகப் பசளை கொடுக்கும் என்றார். வைகாசிக் கடைசியில் ஒரு சின்ன விழா. பத்திரிகைக்காரர்களும் வருவார்கள். ஒரு சுற்றாடல் விருதுக்குக் கம்பனி விண்ணப்பித்திருக்கிறது, அதற்கும் உதவும்.

"எந்தப் பசள? மெசின்தான் நிண்டு போச்சே."

"வெளிய ஒரு கான்ட்ராக்டர் இருக்காரு. நம்ம வேஸ்ட்ட எடுத்துட்டுப் போயி, முறையா மக்க வெச்சுக் குடுத்துடுவாரு. அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க கமிட்டில பேசி பர்மிஷன் மட்டும் வாங்கிக் குடுங்க."

றோசலின் யோசித்தாள். தோட்டத்து மண் பழசு. வருடா வருடம் கத்தரிக்காய் சிறுத்துக்கொண்டே வந்தது. கம்பனியின் பகட்டால் யாருக்காவது ஒரு நன்மை வருமென்றால் வரட்டுமே என்று நினைத்தாள். இன்னொன்றும் இருந்தது. அழிப்பறையில் நிற்கிற தன்னிடம் ஓர் இயக்குநர் வந்து உதவி கேட்டது அவளுக்குப் பிடித்திருந்தது. இதை அவள் பின்னால்தான் ஒப்புக்கொண்டாள்.

தோட்டக் கமிட்டி சேர்ச் மண்டபத்தில் கூடியது. தலைவி மடாம் லூசியென், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ரீச்சர், கிழவியானாலும் குரல் உடையாதவர். கஞ்சாக் கம்பனியிடமிருந்து பசளையா என்று அவர் புருவத்தை உயர்த்தினார். றோசலினுக்குப் பக்கத்துப் பாத்திக்காரி ஞானாம்பிகை தமிழில் நேராகவே கேட்டாள். கல்லடியைச் சேர்ந்தவள், பல்கலைக்கழகத்தில் துப்புரவு வேலை. மாசி மாதத்திலேயே யன்னலோரம் தயிர்க் கோப்பைகளில் கத்தரி விதை போட்டு, பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறவள். பன்னிரண்டு வருடப் பழக்கம்.

"என்னகா றோசலின், கஞ்சாக் குப்பயக் கொண்டந்து என்ர கத்தரிக்குப் போடச் சொல்றியா?"

"மக்கினாப் பொறகு எல்லாம் மண்தான். நான் அதுக்குள்ளதானே நிக்கிறன். எனக்குத் தெரியாததா?"

"நீ பொறுப்பா?"

"நான் பொறுப்பு."

அதையே அவள் தன்னுடைய உடைந்த பிரெஞ்சில் மடாம் லூசியெனுக்கும் சொன்னாள். கை உயர்த்தினார்கள். அனுமதி கிடைத்தது.

விழா நாள் சனிக்கிழமை, நல்ல வெயில். நகரசபை ஆள் ஒருவர், கமராக்காரர் இருவர், கம்பனியின் விளம்பரப் பிரிவிலிருந்து ஒரே நிறத்துச் சட்டை போட்ட நான்கு இளம் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். வாகனத்திலிருந்து நூற்றிருபது பைகள் இறங்கின. மண்ணிறக் கடதாசிப் பை, பச்சை இலை, கீழே அழகான எழுத்தில் 'நன்றியுடன் மண்ணுக்கு'. பையைச் செய்யக் கம்பனி எடுத்த அக்கறை பார்த்தவுடனே தெரிந்தது.

குணசீலன் ஒலிவாங்கி பிடித்து வட்டத்தைப் பற்றிப் பேசினார். மண் செடியைக் கொடுக்கிறது, செடி மண்ணுக்குத் திரும்புகிறது, கிளாரிவேர் அந்த வட்டத்தை முழுமையாக்குகிறது என்றார். பிறகு, எங்கள் தொழிலாளி ஒருவரே இந்தத் தோட்டத்தின் உறுப்பினர் என்று சொல்லி றோசலினை முன்னுக்கு அழைத்தார். ஒரு பையை வெட்டித் திறந்து, இரண்டு கையாலும் அள்ளிக் காட்டும்படி கமராக்காரன் சைகை காட்டினான்.

றோசலின் கையை உள்ளே விட்டாள். விட்டவுடனே விரல் சொல்லிவிட்டது. சாம்பல் நிறக் களிமண் குருணல் நகத்தடியில் நெருடியது. புளித்த வாடை முகத்தில் அடித்தது. கன்றுகளை வேர்விட வைக்கிற வெள்ளைக் கட்டிகள், கல்லை உருக்கிப் பஞ்சாக்கியவை, நூல் நூலாகக் கிடந்தன. அவற்றுக்கு நடுவில் ஊதா நிறத்தில் றப்பர்த் துண்டுகள். போன செவ்வாய்க்கிழமை அருமைநாதனுடைய கையுறை ஒன்று கழன்று அரைக்கும் மெசினுக்குள் போனது. அந்தக் கையுறைதான் இது. எந்தக் கான்ட்ராக்டரும் இதை மக்கவைக்கவில்லை. நான்கு நாளைக்கு முன் அவளே கலந்து, அவளே சாட்சியாக நின்று, கறுப்புப் பையில் கட்டியது.

அதில் என்ன இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். செடி வளர்த்த தென்னந் தும்புத்தூளும் வேரும் நாள்தோறும் ஊற்றிய செயற்கை உரத்தில் ஊறி வருகிறவை. காய்ந்த தொட்டிகளின் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருப்பதை அவள் தினமும் கழுவுகிறவள்.

கமரா மின்னியது. அவள் அள்ளிய கையோடு குணசீலன் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்.

"இது நாங்க கலந்தது. மக்கயில்ல. இதுக்குள்ள உப்புக் கிடக்கு."

குணசீலன் சிரித்த முகத்தை மாற்றாமலே பதில் சொன்னார். "கான்ட்ராக்டர் டைமுக்குக் குடுக்கலைங்க. ஆர்கானிக்தானே, மண்ணுல போட்டா தானா மக்கிடும். இப்ப சீன் பண்ணாதீங்க, ப்ளீஸ். போட்டோ முடியட்டும்."

போட்டோ முடிந்தது. கை தட்டினார்கள். மடாம் லூசியென் வந்து றோசலினுடைய கன்னத்தில் முத்தமிட்டு நன்றி சொன்னார். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்கலாம். இது பசளை இல்லை, தொடாதீர்கள் என்று நான்கு சொல் சொன்னால் போதும்; அந்த நான்கு சொல்லுக்குத் தேவையான பிரெஞ்சு அவளிடம் இருந்தது. ஆனால் "நான் பொறுப்பு" என்று சொன்னதைத் திரும்ப விழுங்கவேண்டி வருமே, ஞானாம்பிகை எல்லோருக்கும் முன்னால் "சொன்னன்தானே" என்பாளே என்று நினைத்தாள். கொஞ்சம் போட்டால் ஒன்றும் ஆகாது, மழை வந்தால் கழுவிக்கொண்டு போய்விடும் என்றும் நினைத்தாள். குணசீலன் சொன்ன மடைத்தனத்தையே பத்து நிமிடத்தில் தானும் தனக்குச் சொல்லிக்கொண்டு நின்றாள்.

ஆட்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு தங்கள் பாத்திக்குப் போனார்கள். ஞானாம்பிகை தன்னுடைய மூன்று பையையும் கொட்டி, கத்தரிக் கன்றுகளின் அடியில் அணைத்தாள். கொட்டி முடித்துவிட்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"என்ன, நீ போடயில்லையா?"

"நாரி நோகுது. நாளைக்குப் போடுறன்." றோசலின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இரி, நான் வந்து போட்டு விடுறன்."

"வேணாம், வேணாம். நீ உன்ர வேலயப் பாரு."

அடுத்த நாள் விடிந்ததும் றோசலின் தன்னுடைய மூன்று பைகளையும் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டுபோய்த் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். யாரும் பார்க்கவில்லை.

மழை வரவில்லை. ஆனி பிறந்து ஒரு கிழமையில் இலைகளின் ஓரம் பொரியத் தொடங்கியது. முதலில் லெட்டியூஸ், பிறகு பீன்ஸ், பிறகு தக்காளி. ஆனி பன்னிரண்டாம் நாள் ஞானாம்பிகையின் கத்தரிக் கன்றுகள் கொதிநீர் ஊற்றியதுபோலச் சுருண்டு விழுந்தன. பிலிப்பினோக் கிழவர் ஒருவர் தன் பாத்தியில் மண்டியிட்டு, கருகிய செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தொன்பது பாத்தி பழுப்பு நிறம். ஒரு பாத்தி மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. அதில் பயற்றங்கொடி கம்பில் ஏறி, முதல் பூவும் விட்டிருந்தது.

றோசலின் தோட்டத்துக்குள் வந்தபோது ஞானாம்பிகை அந்தப் பயற்றங்கொடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"நாரி நோ சுகமா?" என்று கேட்டாள்.

றோசலின் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"உனக்குத் தெரியும், என்ன?"

"அண்டைக்குத்தான் தெரியும். பையத் திறந்த பொறகு."

"நான் கொட்டயிக்க நீ பாத்துக்கொண்டு நிண்ட. நான் வந்து போட்டு விடவா எண்டு கேட்டனான்."

"ஓம்."

ஞானாம்பிகை தன் பாத்திக்குத் திரும்பிப்போய்க் கருகிய கன்றுகளைப் பிடுங்கத் தொடங்கினாள். கெட்ட வார்த்தையாவது சொல்லியிருந்தால் றோசலினுக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அந்தக் கிழமை குணசீலன் தோட்டத்துக்கு வந்தார். கையில் நாற்பது துணிப் பைகள், நாற்பது சோடிக் கையுறைகள், எல்லாவற்றிலும் பச்சை இலை. அளவுக்கு அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள், தண்ணீரும் போதவில்லை என்று அவர் தோட்டக்காரர்களுக்கு விளக்கினார். முப்பது வருடமாக அந்த மண்ணைக் கொத்துகிற ஹெயிட்டிக்காரி ஒருத்தி துணிப் பையை வாங்கி, கருகிய செடிகளை அதற்குள் திணித்து, அவருடைய கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அவர் "மெர்சி" என்று சொல்லி வாங்கிக்கொண்டார். என்ன வாங்கினோம் என்று கார் வரைக்கும் அவருக்கு விளங்கவில்லை.

திங்கட்கிழமை றோசலினையும் அருமைநாதனையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடிதம் இருந்தது. அழிப்பறையில் நடந்த தவறால் பைகள் மாறிவிட்டன, அதற்கு அங்கே வேலை செய்யும் இருவரும் வருந்துகிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது.

"பை மாறயில்ல. நீங்கதான் அனுப்பினீங்க" என்றாள் றோசலின்.

"யாரையும் வேலைய விட்டு எடுக்க மாட்டோம், ஜஸ்ட் ஒரு ஃபார்மாலிட்டி. பாருங்க." ஒரு கட்டுப் படிவத்தை எடுத்துப் புரட்டிக் காட்டினார். "மாசியிலேர்ந்து தினம் தினம் கொம்போஸ்ட்டுனு நீங்க ரெண்டு பேரும்தான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நான் அத நம்பித்தானே அனுப்பினேன்? என் கையெழுத்து இதுல எங்கயாவது இருக்கா?"

இல்லை. ஒரு தாளிலும் இல்லை. றோசலின் அந்தக் கட்டைப் பார்த்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் அவளுடைய பெயர், வடிவான எழுத்தில், கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பழகிய எழுத்தில் இருந்தது. மாதக்கணக்காகக் குணசீலனை எள்ளி நகையாடிக்கொண்டே அவருக்குக் கவசம் செய்து கொடுத்திருக்கிறாள்.

குணசீலன் பேனையை அருமைநாதன் பக்கம் நகர்த்தினார். அருமைநாதன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். மூன்றாம் தரமும் வாசித்தார். பிறகு நிமிர்ந்து, "கண்ணாடி கொண்டு வரயில்ல சேர். வாசிக்க ஏலாமக் கிடக்கு" என்றார்.

கண்ணாடி அவருடைய மூக்கில் இருந்தது.

"சார், நீங்க போட்டுட்டுத்தான் இருக்கீங்க."

"இது தூரப் பார்வைக்கு. நாளைக்குப் பாப்பம்."

நாளைக்கும் அதையே சொன்னார். மறுநாளும் சொன்னார். றோசலின் அந்தக் கடிதத்தைத் தொடவே இல்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தோட்டக்காரர்கள் சேர்ச் மண்டபத்தில் கூடினார்கள். றோசலின் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். இயந்திரம் நின்றதை, லொறியை, படிவத்தை, களிமண் குருணலை. பிரெஞ்சு போதாத இடத்தில் ஆங்கிலம், அதுவும் போதாத இடத்தில் கையால் காட்டினாள். விழா நாளன்றே தனக்குத் தெரியும் என்றும், வெட்கத்தில் வாய் திறக்கவில்லை என்றும், தன்னுடைய பையை மட்டும் குப்பையில் போட்டேன் என்றும் சொன்னாள். கடைசியாகச் சொன்னதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னபோது மண்டபத்தில் ஒரு முனகல் எழுந்தது.

மடாம் லூசியென் அரசாங்கத்துக்கு எழுதினார். ஆடி மாதம் மத்திய அரசாங்கத்தின் இன்ஸ்பெக்டர்கள் இரண்டு பேர் கிளாரிவேருக்கு வந்தார்கள். தராசைப் பார்த்தார்கள், கமராப் பதிவைப் பார்த்தார்கள், பூட்டுகளை இழுத்துப் பார்த்தார்கள். தோட்டத்துக்குப் போன கலவையில் ஒரு பிடியை எடுத்துச் சோதித்தார்கள். அதை எவராலும் புகைக்க முடியாது என்று கண்டுபிடித்தார்கள். ஆகவே கஞ்சா முறைப்படி அழிக்கப்பட்டிருக்கிறது, சாட்சிகளும் இருந்திருக்கிறார்கள். படிவத்தில் முறையைத் திருத்தி எழுதச் சொல்லிவிட்டுப் போனார்கள். கத்தரிக் கன்று செத்ததற்கு அவர்கள் பொறுப்பில்லையாம். அது மாகாண அரசாங்கத்தின் வேறு கந்தோராம். அந்தக் கந்தோர், மாசுபட்ட மண்ணைக் கம்பனி அகற்றிப் புது மண் போட வேண்டும் என்று கடிதம் அனுப்பியது. வருகிற வசந்தத்தில் போடுகிறோம் என்று கம்பனி பதில் அனுப்பியது.

விருது கிடைக்கவில்லை, ஆனால் இறுதிப் பட்டியலில் இடம் கிடைத்தது. அந்தப் பட்டியலை வைத்துக் குணசீலன் ரொறன்ரோவில் இதைவிடப் பெரிய கம்பனி ஒன்றில் இதைவிட நீளமான பதவிக்குப் போனார். போகிற நாள் கேக் வெட்டினார்கள். அழிப்பறைக்கும் இரண்டு துண்டு அனுப்பியிருந்தார். அருமைநாதன் இரண்டையும் அரைக்கும் மெசினுக்குள் போட்டு, எடையைக் குறித்துக்கொண்டார்.

றோசலினை வேலையால் நிறுத்துவார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நிறுத்த ஏலவில்லை. கிளாரிவேரின் பூவை வாங்க ஆளில்லை. சந்தையில் எல்லோரும் ஒரேயடியாக வளர்த்துத் தள்ளியிருந்தார்கள். பழைய ஆட்கள் பழைய இடத்திலேயே வாங்கிக்கொண்டிருந்தார்கள். பெட்டகத்தில் கூரை வரைக்கும் அடுக்கிய பூ காய்ந்து பழசானது. அதை அழிக்க வேண்டும். அழிக்கத் தகுதியான சாட்சிகள் கட்டடத்திலேயே இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஆகவே புரட்டாசி முழுக்க அவர்கள் இருவரும் பூவையே அரைத்தார்கள். டப்பாவைத் திறந்து, உள்மூடியைத் திறந்து, ஒவ்வொரு கிராமாகக் கொட்டினார்கள். ஒரு வருடம் எத்தனையோ விளக்கின் கீழே தண்ணீரும் உரமும் தடிமன் சளி பிடிக்காத காற்றும் கொடுத்து வளர்த்ததை, ஒரு மாதத்தில் பூனைக் களிமண்ணோடு சேர்த்துக் குழைத்தார்கள். பிளாஸ்டிக் டப்பாக்கள் அறையின் மூலையில் மலையாகக் குவிந்தன. அவற்றுக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

தோட்டக் கமிட்டி ஆவணியிலேயே கூடி றோசலினுடைய உறுப்புரிமையை நீக்கியிருந்தது. ஞானாம்பிகையும் கை உயர்த்தினாள் என்று றோசலின் கேள்விப்பட்டாள். பயற்றங்கொடியைப் பிடுங்கிவிட்டு, தோட்டத்துப் படலைப் பூட்டின் திறப்பை மடாம் லூசியெனிடம் கொடுத்தாள். அவர் இந்தத் தடவை முத்தமிடவில்லை, ஆனால் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கார்த்திகையில் ஒருநாள் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். அன்று முழுக்கப் பூ அரைத்ததில் கோட்டு, தலைமயிர் எல்லாம் நாறியது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து பின்னால் போனார். அடுத்த நிறுத்தத்தில் ஞானாம்பிகை ஏறினாள். ஐந்து மாதமாக அவர்கள் பேசவில்லை. வெறுமையாகக் கிடந்த அந்த இருக்கையைப் பார்த்தாள், றோசலினைப் பார்த்தாள், வந்து உட்கார்ந்தாள்.

"நாறுது" என்றாள்.

"ஓம்."

இரண்டு நிறுத்தம் கடந்தது. யன்னல் கண்ணாடியில் ஈரப்பனி அடித்து வழிந்தது.

"சித்திரையில புது மண் வருதாம். நாப்பது பாத்தியிலயும் பழைய மண்ண வெட்டி அள்ள வேணும். கம்பனி மண்ண மட்டும்தான் கொண்டந்து கொட்டுமாம், ஆள் தராதாம். எல்லாரும் கெழடு கட்டையள். ஆள் காணாது."

றோசலின் அவள் பக்கம் திரும்பினாள். "என்ர பேரத்தான் வெட்டியாச்சே."

"தோட்டம் செய்யத்தான் பேர் வேணும்" என்றாள் ஞானாம்பிகை. "மண் அள்ள வேணாம்."

"வாறன்" என்றாள் றோசலின்.

ஞானாம்பிகை மணியை அடித்துவிட்டு எழுந்தாள். இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. "மம்பெட்டி உன்ரயக் கொண்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பனிக்குள் இறங்கினாள்.